குமரேசன் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறான்?

நான் எழுதிய தொடர்கதை முடிந்த பிறகும் எனக்கு அதிகம் வருகிற கேள்வி, அதன் ஹீரோ குமரேசனைப் பற்றித்தான்: "ஹீரோ ஒன்பதாவது எபியிலதான் வர்றாரு. முப்பது எபி தாண்டித்தான் அவ கையையே பிடிக்கிறாரு. ஏன் சிஸ் இவ்வளவு லேட்?" கோபமாகக் கேட்டவர்களும் உண்டு, ஆசையாகக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் பார்த்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ராஜேஸ்வரி நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். பி.காம். முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆறு வருடம் அடியும் வசவும். ஒரு நாள் கட்டின சேலையோடு கிளம்பி வந்துவிடுகிறாள். அப்புறம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி அறை, ஒரு நூற்பாலை ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. அந்த அறைக் கதவுக்கு நல்ல பூட்டு தேடிப் போகிற இடத்தில்தான் குமரேசனைப் பார்க்கிறாள். அவன் பூட்டு செய்கிறவன். திண்டுக்கல் என் அம்மா பிறந்த ஊர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் தெருவில் அரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கதையை அங்கே வைத்தேன்.

பகலில் எனக்கு வேலை ஜாப் டைப்பிங். கோர்ட் பக்கத்தில் சின்னக் கடை. வக்கீல்கள் எழுதிக் கொடுப்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்பேன். அதில் கணிசமானவை குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் போடுகிற மனுக்கள். 2005-ல் வந்த சட்டம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமே வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வாயால் புண்படுத்துவது, கையில் காசு இல்லாமல் வைத்திருப்பது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது எல்லாமே அதன் 3-வது பிரிவில் வருகின்றன. நான் அடிக்கிற எந்த மனுவிலிருந்தும் ஒரு வரியைக்கூடக் கதைக்கு எடுத்ததில்லை. அது அந்தப் பெண்களுடைய வாழ்க்கை, எனக்குச் சொந்தமில்லை. ஆனால் இத்தனை வருடம் அந்தத் தாள்களோடு இருந்துவிட்டு, ஒரு ஆண் வந்து சிரித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிற கதையை என்னால் எழுத முடியாது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாக அதில் இருக்கிறது. இந்திய அளவில், அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். என் கதையைப் படிக்கிறவர்களிலும் அந்த மற்றவர்கள் இருப்பார்கள்தானே? ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர்களை நினைத்துத்தான் எழுதினேன்.

அதனால் முதல் எட்டு அத்தியாயங்களில் காதல் கிடையாது. ராஜி பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்கிறாள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு வைத்திருக்கிற சகி மையத்துக்குப் போகிறாள். அங்கே 5 நாள் வரைதான் தங்கலாம் என்பதால் அடுத்து எங்கே என்று யோசிக்கிறாள். பாதுகாப்பு அலுவலர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறாள், சொல்லும்போது தேதிகள் குழம்பிப்போகின்றன, அந்த அம்மா பொறுமையாக, "தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார். பிறகு சீர் சாமான் பட்டியல். பீரோ, கட்டில், குத்துவிளக்கு, பித்தளை அண்டா, நகை எத்தனை பவுன் என்று பட்டியல் போட்டுக் கேட்கலாம், சட்டத்தின் 19-வது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. ராஜி பட்டியலில் முதலில் எழுதச் சொல்வது தன் பி.காம். சான்றிதழை. கணவன் அதைத்தான் முதலில் பிடுங்கி வைத்திருந்தான். சான்றிதழ் கையில் இல்லாமல் எந்த வேலைக்குப் போவாள்?

இந்தப் பகுதி 'டாகுமெண்டரி மாதிரி' இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு பெண் மறுபடி ஒரு ஆணை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குத் தூக்கம் வர வேண்டும், மாதச் சம்பளம் அவள் கணக்கில் ஏற வேண்டும், அவள் கதவுக்கு அவளிடம் சாவி இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஹீரோ வாங்கிக் கொடுத்தால், அவள் வாழ்க்கை ஒரு ஆணின் தயவிலிருந்து இன்னொரு ஆணின் தயவுக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். குமரேசன் உள்ளே வரும்போது ராஜிக்கு அவன் தேவையே இல்லை என்று இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அப்போதுதான் அவள் அவனை விரும்புவதற்கு ஒரு அர்த்தம் வரும்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜியின் அம்மா கெட்டவள் இல்லை. ராஜி அழுதுகொண்டு வரும்போதெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, பிடித்த குழம்பு வைத்துப் போட்டு, ரெண்டு நாள் கழித்து ஒரு மஞ்சப்பையில் முருங்கைக்கீரையும் முறுக்கும் கட்டிக் கொடுத்து, "அனுசரிச்சுப் போ கண்ணு, ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று பஸ் ஏற்றிவிடுகிறவள். அந்தப் பையோடு திரும்பிப் போகிற ராஜியை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அம்மாவை வில்லியாக்கியிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். ஆனால் நம் வீடுகளில் பெண்களைத் திரும்ப அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்களை உயிராக நேசிக்கிறவர்கள். பின்னால் அந்த அம்மா மகள் காலில் விழுந்து அழுவதாக எழுதச் சொன்னார்கள். நான் அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். கூண்டில் ஏறி, "என் மக அஞ்சு தடவ வந்தா, அஞ்சு தடவயும் நாந்தான் திருப்பி அனுப்புனேன், அவ முதுகுல காயத்தப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன்" என்று சாட்சி சொல்கிறாள். ராஜிக்கு உபயோகப்படுகிற மன்னிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பஸ் டிக்கெட் விஷயம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ராஜி எங்கே போனாலும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து கணவனிடம் காட்ட வேண்டும். எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று பார்ப்பான். 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்த பிறகும், அந்தப் பூஜ்ஜியக் கட்டண டிக்கெட்டை வாங்கிப் பார்க்கிறான். திண்டுக்கல் வந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் ராஜியின் பர்ஸில் டிக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மடித்து வைக்கிறாள். குமரேசன் ஒருநாள் அதைப் பார்க்கிறான். ஏன் என்று கேட்பதில்லை. அவளாகச் சொல்லுகிற வரைக்கும் கேட்கவே இல்லை. அந்த அத்தியாயத்துக்குக் கீழே ஒரு வாசகி, தன் கைப்பையிலும் இப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு நான் பொதுவில் பதில் போடவில்லை. தனியாக எழுதினேன்.

சரி, பூட்டுக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. தகடு வெட்டி, சாவி சுற்றும்போது உள்ளே தூக்கிக்கொள்கிற லீவர்களைக் கோர்த்து, சாவியின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் அராவி எடுப்பார்கள். மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை, அந்த வடிவத்திலேயே இருக்கும். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரத்தில் செய்து குறைந்த விலைக்கு வருகிற அலிகார் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே போகின்றன. நல்லாம்பட்டியில் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரு மனிதனாகத்தான் குமரேசனைக் கற்பனை செய்தேன். பேச்சு குறைவு. மனைவி இறந்துபோனவன். விரல்களில் அரம் கிழித்த தழும்புகள்.

ராஜி அவனிடம் பூட்டு வாங்கும்போது கேட்கிறாள்: "இதுக்கு உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்குமா?" அவன் இல்லை என்கிறான். அவள் நகராமல் நிற்கிறாள். "நீங்க செஞ்ச சாவிதான, இன்னொண்ணு செய்யத் தெரியும்ல?" குமரேசன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பூட்டைப் பிரிக்கிறான். ஒரு லீவரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை வைக்கிறான். அந்த லீவரையும் அதற்கான சாவிப் பல்லையும் அவளே அராவட்டும் என்று அரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறான். அவளுக்கு வேலை தெரியாது. நேரம் போகிறது. இடையில் அவன் திரும்பவில்லை, உதவட்டுமா என்றும் கேட்கவில்லை. கடைசியில் சாவி சுற்றுகிறது. செய்தவனுக்கே திறக்கத் தெரியாத பூட்டு அது. "எங்க கடைல இப்படி ஒரு பூட்டு இதுக்கு முன்னாடி வித்ததில்ல" என்று மட்டும் சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறான்.

இந்தக் கதையின் முதல் காதல் காட்சி இதுதான். இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு ஆண் தன்னால் முடியும் என்கிற ஒன்றை அவள் நிம்மதிக்காகத் தானே விட்டுக்கொடுக்கிறான். இதைவிட மென்மையான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

அடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தியாயம். பழகி, பேசி, சினேகமாகி, சிறுமலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். காலையில் ராஜி போன் செய்து, "நான் வரல" என்கிறாள். காரணம் சொல்வதில்லை. அவளுக்கே காரணம் கிடையாது. சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் சொல்கிறாள். "சரிங்க" என்று வைத்துவிடுகிறான். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். பழைய வீட்டில் எந்த 'வேண்டாம்'க்கும் ஒரு விலை உண்டு, சில சமயம் அன்றைக்கே, சில சமயம் ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு. மறுநாள் குமரேசன் எப்போதும் போல வந்து, எப்போதும் போலப் பேசுகிறான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுவதும் எதுவுமே நடப்பதில்லை. 'இந்த எபியில் எதுவுமே நடக்கலையே' என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன், ராஜிக்கு அந்த வாரம்தான் எல்லாமே நடந்தது.

நம் தொடர்கதை உலகத்தில் ஆன்டி ஹீரோ என்று ஒரு ஆள் இருக்கிறான், உங்களுக்கே தெரியும். பழிவாங்கத் தாலி கட்டுவான், அறைவான், அறைக்கதவைச் சாத்துவான், நாற்பதாவது எபியில் கண்ணீர் விடுவான், நாற்பத்தொன்றில் அவள் மன்னித்துவிடுவாள். அதை ரசித்துப் படிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவள். முரட்டு மனிதன் ஒருவன் தனக்காக மட்டும் இளகுவான் என்கிற ஆசை எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்பது எபியும் எனக்கு இப்போது மனுவாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் எந்தப் பிரிவு என்று கைவிரல் தானாக யோசிக்கிறது. அடித்த கையே ஆற்றும் என்று இன்னொரு கதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தொடுதல் ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மனுக்களில் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும்: 'எதிர்மனுதாரர் மனுதாரரை உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் துன்புறுத்தி வந்தார்.' அதற்குள்ளே இரவுகள் இருக்கும். அவற்றை யாரும் விரித்துச் சொல்வதில்லை, வக்கீலிடம்கூட. குற்றவியல் சட்டத்தில் இன்றைக்கும், 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்ச்சிக் குற்றமாகாது என்றுதான் இருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, அந்த விதிவிலக்கும் கூடவே வந்துவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிவாரணம் கேட்கலாம், அந்த அளவுக்குத்தான் வழி இருக்கிறது. அப்படிப்பட்ட இரவுகளைக் கடந்து வந்த ஒருத்தியின் கையை ஒருவன் பிடிக்க வேண்டுமென்றால், அவள் அதை முன்னாலேயே பார்க்க வேண்டும், போதும் என்றால் உடனே விட்டுவிடுவான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனதுக்குத் தெரிந்தால் போதாது. அதனால்தான் முப்பத்திரண்டாவது அத்தியாயத்தில் கையைப் பிடிப்பது குமரேசன் இல்லை, ராஜி. அவன் தழும்பு விரல்களை அவளாக எடுத்துப் பார்க்கிறாள். இதை அவசரமாகப் படித்தவர்கள் அவன் பிடித்ததாகவே எழுதியிருக்கிறீர்கள். திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பழைய கணவனுக்குக் கதையில் பெயர் வைக்கவில்லை. மனுவில் வருவது போல எதிர்மனுதாரர்தான். "அவன் திருந்தி வந்தா சேர்த்து வெச்சிடுங்க, எவ்வளவு இருந்தாலும் முதல் புருஷன்" என்று ஒரு சிலர் கேட்டார்கள். அவன் திருந்தட்டும், நல்லதுதான். அவன் திருந்துவதற்கு ராஜி கூட இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கல்யாண அத்தியாயத்தில் வந்த சந்தேகம் ஒன்றுக்கும் பதில். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளே ஏன் கல்யாணம் வைக்கவில்லை? மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. அது கழிந்து, எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை என்று தெரிந்த பிறகுதான் மறுமணம் செய்யலாம், இந்துத் திருமணச் சட்டம் 15-வது பிரிவு. இந்த மாதிரி நிலையில் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், அவசரப்பட்டால் பின்னால் சிக்கல். அந்த 90 நாளும் எனக்குக் கதைக்கு வரமாகிவிட்டது. அவர்கள் சண்டை போட்டு, சேர்ந்து, ராஜிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று தோன்றி, அப்புறம் தோன்றாமல் போய் என்று நிறைய எழுத முடிந்தது.

தாலி வேண்டாம் என்று ராஜி சொல்வது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய முதல் தாலி, அடிக்கும்போது அவன் பிடித்து இழுக்கிற கயிறாக இருந்தது. கழுத்தில் இன்னொன்று ஏறுவதை அவளால் தாங்க முடியாது. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால், தமிழ்நாட்டில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ, நான் இவரை ஏற்கிறேன் என்று உறவினர், நண்பர் முன்னால் சொல்லியோகூடத் திருமணம் செய்துகொள்ளலாம். ராஜி சொல்லித் திருமணம் செய்துகொள்கிறாள். முதல் கல்யாணத்தில் அவள் வாயைத் திறக்கவே இல்லை என்பதை முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன், கவனித்தவர்கள் இரண்டு பேர் குறிப்பிட்டார்கள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கடைசி அத்தியாயம் பற்றித்தான் அதிகப் புகார். "கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம்னு போட்டுட்டு சண்டைல முடிச்சிட்டீங்களே, ஒரு குழந்தையாவது காட்டியிருக்கலாம்." நடந்தது இதுதான்: குமரேசன் ராஜியிடம் கேட்காமல் ஒரு வியாபாரிக்கு ஐம்பது பூட்டு கடனுக்குக் கொடுத்துவிடுகிறான். பட்டறைக் கணக்கு இப்போது அவள் கையில். காலையில் நோட்டைத் திறந்தவள் சத்தம் போட ஆரம்பிக்கிறாள். அவனும் குரலை உயர்த்துகிறான். "என்னக் கேக்காம கணக்க எழுதாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று அவள் கத்துவது கீழ் வீட்டு ஆச்சி வரைக்கும் கேட்கிறது. அவன் கோபத்தில் எழுந்து நிற்கிறான், அவள் பின்னால் நகரவில்லை. தலையைக் கையால் மறைத்துக்கொள்ளவில்லை. தான் அப்படிச் செய்யவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை, அவ்வளவு கோபம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து மீதியைப் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள்.

ராஜி பயமில்லாமல் கத்துவதைத்தான் முதல் அத்தியாயத்திலிருந்து எழுத ஆசைப்பட்டேன். கடன் விஷயத்திலும் அவள் சொன்னதுதான் சரி.